மர்மத் தொடர்களில் சந்தேகத்தின் நிழல் யார் மீது விழுகிறது?

கண்டியிலிருந்து கலஹாவுக்குச் செல்லும் மலைப்பாதையோரத் தோட்டமொன்றில் எமது உறவினரான மூதாட்டி ஒருவர் வசிக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்தவர். துப்பறியும் நாவல் எதனையும் அவர் கையில் எடுத்தவரல்லர். ஆயினும் தொலைக்காட்சியில் ஒரு மர்மத் தொடர் ஆரம்பமானால், மூன்றாம் வாரத்துக்குள் குற்றவாளி இன்னார்தான் என்று சொல்லிவிடுவார். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருநாள் மாலை, அவரது லயத்து முன்னறையில் நாமும் அமர்ந்து அத்தகைய தொடர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரிய பங்களா ஒன்றின் வேலைக்காரப் பையன் கையில் கத்தியுடன் இருட்டில் நடக்கிறான். இசை அதிர்கிறது. கெமரா அவனது கண்களை மூன்று தடவை அருகே காட்டுகிறது.

"அவன் இல்ல தம்பி. அவன் வர்றப்ப எல்லாம் பயங்காட்டுறானுக. செஞ்சவன எதுக்குப் பயங்காட்டிக் காட்டப் போறானுக? அந்த டொக்டர் ஐயா பேசறப்ப மட்டும் மியூசிக்கே இல்ல, பாத்தியா?" என்றார் அவர்.

டொக்டர் ஐயாதான் குற்றவாளி என்பது பல வாரங்களின் பின்னர் உறுதியாயிற்று. மூதாட்டி கண்டுபிடித்தது கதையிலுள்ள துப்புகளைக் கொண்டல்ல. கதையைப் படமாக்கியவர்கள் தம்மையறியாமல் விட்டுச்சென்ற துப்புகளைக் கொண்டு. அச்சில் இருந்த மர்மக்கதை திரைக்கு வரும்போது நேரும் சிக்கல் இதிலேயே அடங்கியிருக்கிறது.

மர்மக்கதையை எழுதுபவர் வாசகருடன் ஓர் எழுதாத உடன்படிக்கை செய்துகொள்கிறார். உண்மையைக் கண்டுபிடிப்பதற்கு வேண்டிய துப்புகள் யாவும் முன்கூட்டியே தரப்படும். ஆனால் அவை துப்புகள் என்று தெரியாதவாறு தரப்படும். அவற்றுடன் வேறு சில அடையாளங்களும் கலந்து வைக்கப்படும். அவையும் உண்மையான நிகழ்வுகளே. ஆனால் வாசகர் அவற்றைப் பிடித்துக்கொண்டு தவறான திசையில் நடப்பார். இவற்றை நாம் பொய்த்துப்பு எனலாம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரோ வேடிக்கையானது: புகையூட்டிச் சிவக்கவைத்த ஒருவகைக் கருவாட்டின் பெயர் அது. வில்லியம் கொபெட் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் 1807 இல் ஒரு கதை எழுதினார். சிறுவனாக இருந்தபோது, முயலைத் துரத்திய வேட்டைநாய்களைத் தாம் அத்தகைய கருவாட்டின் வாடையால் திசைதிருப்பியதாக அதில் கூறியிருந்தார். நெப்போலியன் தோற்றுவிட்டான் என்ற பொய்ச்செய்தியை நம்பி ஏமாந்த அக்காலப் பத்திரிகைகளைக் கேலிசெய்யவே அவர் அக்கதையை எடுத்தாண்டார். பத்திரிகைத் தொழிலில் இருக்கும் எமக்கு இது சற்று உறைக்கவே செய்கிறது.

பொய்த்துப்பு வேறு, பொய் வேறு என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். நல்ல கதையில், முடிவு தெரிந்த பின்னர் முதல் பக்கத்துக்குத் திரும்பினால், பொய்த்துப்பாகத் தோன்றியதற்கும் ஒரு நேர்மையான காரணம் இருக்கும்.

இதனைச் சேர் ஆர்தர் கொனன் டொய்ல் 1892 இல் எழுதிய 'சில்வர் பிளேஸ்' என்ற ஷெர்லொக் ஹோம்ஸ் கதையைக் கொண்டு விளக்கலாம். நூறாண்டைக் கடந்துவிட்ட கதையாதலால் அதன் முடிவைச் சொல்வதில் பாவமில்லை. டார்ட்மூர் வெளியிலுள்ள பந்தயக் குதிரை லாயமொன்றிலிருந்து பெயர்பெற்ற குதிரை ஒன்று இரவில் காணாமற் போகிறது. பயிற்றுநர் ஜோன் ஸ்ட்ரேக்கர் வெளியில் இறந்து கிடக்கிறார். அவரது கையில், அன்றிரவு அங்கு வந்துபோன அந்நியனான ஃபிட்ஸ்ரோய் சிம்சன் என்பவனின் கழுத்துப்பட்டி இருக்கிறது. பொலிஸார் அவனைக் கைதுசெய்கின்றனர்.

அன்றிரவு ஒன்பது மணியளவில், லாயத்தில் காவலிருக்கும் நெட் ஹன்டர் என்ற பையனுக்குப் பணிப்பெண் இராவுணவு கொண்டுபோகிறாள். அவளது கையில் விளக்கு. தட்டில் ஆட்டிறைச்சிக் கறி. வழியில் இருளிலிருந்து சிம்சன் வெளிப்பட்டு அவளை நிறுத்துகிறான். அவன் யார், ஏன் வந்தான், அவளை என்ன செய்வான் என்ற பதற்றத்தில் வாசகர் தட்டை மறந்துவிடுகிறார். உண்மையான துப்போ அந்தத் தட்டில்தான் இருக்கிறது. காவற் பையன் அபின் கலந்த உணவை உண்டு மயங்கியவன். அபினுக்குச் சுவை உண்டு. அச்சுவையை மறைக்க மசாலா காரமுள்ள கறி வேண்டும். அன்றிரவு அந்த வீட்டில் கறிதான் சமைக்க வேண்டுமென்று வெளியாளான சிம்சனால் தீர்மானித்திருக்க முடியாது. வீட்டுக்குள் இருந்தவரே அதனைச் செய்திருக்க வேண்டும். பொய்த்துப்பும் மெய்த்துப்பும் ஒரே விளக்கின் வெளிச்சத்தில், ஓர் அடி தூர இடைவெளியில் நிற்கின்றன.

பிரித்தானியாவின் கிரனாடா நிறுவனம் ஜெரமி பிரெட்டை ஹோம்ஸாகக் கொண்டு 1984 முதல் 1994 வரை தயாரித்த தொடரில் இக்கதை 1988 இல் இடம்பெற்றது. இதனைப் படமாக்கும் எவரும் முதலில் எதிர்நோக்கும் கேள்வி, அந்தத் தட்டை எவ்வாறு காட்டுவது என்பதாகும். அச்சில் எல்லா எழுத்துகளும் ஒரே அளவு. "கறி" என்ற சொல்லும் "கதவு" என்ற சொல்லும் வாசகரின் கண்ணில் ஒரே பாரத்துடன் விழுகின்றன. திரையில் அவ்வாறல்ல. அண்மைக்காட்சியில் தட்டைக் காட்டினால் அது விரல்நீட்டிச் சுட்டுவதாகிவிடும். தூரக்காட்சியில் காட்டினால் எவரும் காணமாட்டார்கள். அதிலும் அந்நாளைய பதினான்கு அங்குலப் பெட்டியில், மலைச்சரிவு அலையை மறிக்கப் புள்ளிமழை பொழியும் எமது பிரதேசப் பெட்டிகளில், தட்டில் இருந்தது கறியா கஞ்சியா என்று யாரால் சொல்ல முடியும்? சிறிய திரை என்பதனாலேயே தொலைக்காட்சி நெறியாளர்கள் அண்மைக்காட்சிக்கு அடிமையானார்கள். அதனாலேயே அவர்களது துப்புகள் அளவுக்கு மீறி வெளிச்சம் பெற்றன.

டொய்லின் காட்சியமைப்பிலேயே இதற்கு விடையும் உண்டு. துப்பைக் காட்டும் அதே கணத்தில் பார்வையாளரின் நெஞ்சை வேறொன்றினால் நிரப்பிவிட வேண்டும். பணிப்பெண்ணுக்காக நாம் அஞ்சும்போது, தட்டு திரையின் நடுவிலிருந்தாலும் கண்ணில் படாது. பின்னர் ஹோம்ஸ் விளக்கும்போது, அட, பார்த்தோமே என்று நெற்றியில் அடித்துக்கொள்வோம்.

இக்கதையை ஒருவர் கண்டி மாவட்டத் தோட்டமொன்றுக்கு மாற்றித் தமிழில் எடுக்க முற்பட்டால் இன்னொரு சங்கடம் எழும். ஆங்கிலேயர் வீட்டில் கறி சமைப்பது குறிப்பிடத்தக்க செய்தி. எமது வீட்டில் கறி சமைக்காத நாளே செய்தி. ஆகவே அபினின் கசப்பை மறைக்கக்கூடியதும், நாள்தோறும் ஆக்கப்படாததுமான ஒன்றைத் தேட வேண்டும். பாகற்காய்க் கறி பொருந்தும் என்பது எமது எண்ணம். இத்தகைய சிறு மாற்றத்தில்தான் தழுவல் என்பதன் முழு வேலையும் இருக்கிறது. கதையின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துப் பெயர்களை மட்டும் மாற்றினால், துப்பு இறந்துவிடும்.

இக்கதையின் புகழ்பெற்ற மற்றொரு துப்பு, இரவில் நாய் குரைக்கவில்லை என்பது. குதிரையைக் கொண்டுபோனவர் நாய்க்குப் பழக்கமானவர் என்பது அதன் பொருள். குதிரையை வெளியே கொண்டுபோனவர் ஸ்ட்ரேக்கர்தான். நடக்காத ஒன்றைக் கெமரா எவ்வாறு காட்டும்? டொய்ல் அதற்கும் அடித்தளமிட்டிருக்கிறார். சிம்சன் ஜன்னலருகே வந்தபோது காவற் பையன் ஓடிப்போய் நாயை அவிழ்க்க முயல்கிறான். அந்நியன் வந்தால் நாய்க்கு வேலை உண்டு என்பது எமது மனதில் பதிந்துவிடுகிறது. அது பதிந்திருந்தால்தான் பின்னைய மௌனத்துக்கு அர்த்தம் உண்டாகும்.

1901 இல் தொடர்கதையாகத் தொடங்கிய 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' இன்னும் கடினமான பரீட்சை. அதில் மாளிகைச் சுவரிலுள்ள பழைய ஓவியமொன்றில், தொப்பியையும் தலைமுடியையும் கையால் மறைத்துப் பார்க்கும் ஹோம்ஸுக்கு அயலவரான ஸ்டேப்பிள்டனின் முகம் தெரிகிறது. அச்சில் அந்த ஓவியம் வெறும் சொற்கள். திரையிலோ அதனை வரைந்தாக வேண்டும். நடிகரைப் போலவே வரைந்தால் பார்வையாளர் முந்திக்கொள்வர். வேறுவிதமாக வரைந்தால் அது மோசடி. இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை அளவு இடமே இருக்கிறது.

அதே கதையில் பொய்த்துப்பாக வருபவர் வீட்டுப் பணியாளரான பரிமோர். நள்ளிரவில் மெழுகுவர்த்தியுடன் ஜன்னலருகே நின்று வெளியே சைகை காட்டுகிறார். மலையகத்துத் துரை பங்களாக்களை அறிந்தவர்களுக்கு இவரைப் புரியும். வீட்டின் எல்லாத் திறப்புகளும் அப்புவின் கையில். வீட்டில் எது காணாமற் போனாலும் முதற் கேள்வியும் அப்புவிடம்தான். உண்மையில் பரிமோர், சிறையிலிருந்து தப்பிவந்த தம் மனைவியின் சகோதரனுக்கு உணவளித்துக்கொண்டிருந்தார். அவரது இரகசியத்துக்குப் பின்னால் இருந்தது குடும்பப் பாசம். அதனை வெளிப்படுத்த டொய்ல் பல பக்கங்களை ஒதுக்கியிருக்கிறார். பரிமோரைச் சந்தேகித்த வாசகர் சிறிது வெட்கப்படும்படியும் செய்திருக்கிறார். படமாக்கும்போது நேரம் போதாவிடில் முதலில் கத்தரிக்கப்படக்கூடியது இத்தகைய பகுதிதான் என்பதை இத்துறையை அறிந்தவர்கள் ஒப்புக்கொள்வர்.

காலம் மாறியபோது மூலக்கதையே ஒரு பொய்த்துப்பாகிவிட்டதும் உண்டு. ஹோம்ஸின் முதற் கதையில், சுவரில் எழுதப்பட்ட ஒரு சொல்லை ரேச்சல் என்ற பெண்ணின் பெயரென்று பொலிஸார் கருத, அது பழிவாங்கலைக் குறிக்கும் ஜேர்மன் சொல் என்று ஹோம்ஸ் திருத்துவார். 2010 இல் பி.பி.சி. ஒளிபரப்பிய 'ஷெர்லொக்' தொடரின் முதல் அத்தியாயத்தில், ஜேர்மன் சொல் என்று கூறுபவர் பொலிஸ் தரப்பினர். அது ரேச்சல்தான் என்று ஹோம்ஸ் தள்ளிவிடுகிறார். மூலத்தைப் படித்துவிட்டு இறுமாப்புடன் அமர்ந்திருந்தவர்களுக்கு அது நல்ல குட்டு. எமக்கும் விழுந்தது.

தமிழில் இக்கலை செழித்த இடம் என்று நாம் தயக்கமின்றிக் காட்டக்கூடியது, 1990 களில் சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'மர்மதேசம்'. 2024 நவம்பரில் காலமான இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளை, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்தது. பைரவர் கோயிலையும் நவபாஷாண லிங்கத்தையும் சுற்றிய 'ரகசியம்', 'விட்டுவிடு கருப்பா' என்ற நாவலிலிருந்து உருவான 'விடாது கருப்பு' ஆகியவற்றை நாகா நெறிப்படுத்தினார். டிஷ் அன்டனா வைத்திருந்த வீடொன்றில் ஊரே கூடியும், ஒளிப்பதிவு நாடாக்களைக் கைமாற்றியும், மின்சாரம் எட்டாத லயங்களில் கார் பற்றரியில் பெட்டியை இயக்கியும் எமது மக்கள் அவற்றைப் பார்த்தார்கள். மறுநாள் காலைப் பெரட்டுக்களத்தில் கொழுந்துக் கணக்கைவிடக் கருப்புசாமியின் கணக்கே பெரிதாக இருந்தது.

'விடாது கருப்பு' தொடரில் கிராமத்துக் காவல் தெய்வம் குற்றம் செய்தவர்களைத் தண்டிப்பதாக ஊர் நம்புகிறது. மரணங்கள் நிகழ்கின்றன. தெய்வமா, மனிதனா, மனநோயா? ஆங்கிலேயக் கதையில் அமானுஷ்யம் எப்போதும் பொய்த்துப்பே. அது இறுதியில் கலைந்துவிடும் என்று வாசகருக்கு முன்னரே தெரியும். 1892 இலேயே டொய்ல் எழுதிய, இலங்கைக் கோப்பித் தோட்ட முதலாளி ஒருவரைப் பற்றிய சிறுகதையிலும், இறந்தவர் கடலில் எழுந்து தோன்றும் காட்சிக்கு இயற்கையான விளக்கமே தரப்படுகிறது. ஆனால் ஸ்டோர் இயந்திரத்தைக் காக்கும் ரோதைமுனிக்கும், கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கவ்வாத்துச் சாமிக்கும் பூசையிடும் மக்களிடம், கருப்புசாமி வெறும் பொய்த்துப்பு என்று சொல்லித் தப்பிவிட முடியாது. அத்தொடரை ஆக்கியவர்கள் இதனை உணர்ந்திருந்தார்கள். மருத்துவ விளக்கத்துக்கும் இடமளித்தார்கள்; நம்பிக்கையையும் கேலிசெய்யவில்லை. சிறுவயதுக் கதையும் வளர்ந்த பின்னைய கதையும் மாறிமாறி ஓடியதால், ஒரு காலத்தின் துப்பு மற்றக் காலத்தில் ஒளிக்கப்பட்டிருந்தது. இன்று யூடியூப் தளத்தில் அதனை மீண்டும் பார்க்க முடிகிறது. முடிவு தெரிந்திருந்தும் அலுக்கவில்லை. பார்க்காதவர்களுக்காக முடிவை இங்கு சொல்லாமல் விடுகிறோம்.

பின்னர் வந்த பல தொடர்களைப் பற்றி இவ்வாறு சொல்வதற்கில்லை. ஒவ்வொரு அத்தியாயத்தின் இறுதியிலும் எவரையாவது சந்தேகத்துக்குரியவராக்கி நிறுத்த வேண்டும். இல்லையேல் பார்வையாளர் மறுநாள் வரமாட்டார் என்ற அச்சம். ஒருவர் கதவருகே நின்று முறைப்பார், இசை முழங்கும், விளம்பரம் வரும். அடுத்த அத்தியாயத்தில் அவர் தண்ணீர் குடிக்க வந்தவர் என்று தெரியவரும். இது பொய்த்துப்பன்று, வெறும் பொய். 1993 இல் பாசு சட்டர்ஜி தூரதர்ஷனுக்காக எடுத்த 'பியோம்கேஷ் பக்ஷி' தொடரிலும், கிரனாடாவின் ஹோம்ஸ் தொடரிலும் பெரும்பாலான கதைகள் ஒரே அமர்வில் முடிந்துவிட்டதால், இந்தக் கட்டாயம் அவர்களுக்கு இருக்கவில்லை.

சுவாரஸ்யம் கெடுகிறது என்பது மட்டும் எமது முறைப்பாடன்று. பொய்த்துப்பு என்பது கதைக்குள் வாழும் ஒரு மனிதர் மீது சுமத்தப்படும் சந்தேகம். அதனை யார் மீது சுமத்துகிறோம்? அந்நியன், வேலைக்காரன், பூசாரி, பைத்தியக்காரன், வேற்றூரான். பார்வையாளர் எளிதில் நம்பிவிடுவார் என்று தெரிந்தே இவர்கள் தெரிவு செய்யப்படுகிறார்கள். சமூகத்தில் ஏற்கெனவே ஊறிக்கிடக்கும் தப்பெண்ணத்தைத் தொடர் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்கிறது. திறமையான கதை அந்தத் தப்பெண்ணத்தை இறுதியில் எமக்கே திருப்பிக் காட்டும். மற்றவை அதனைப் பயன்படுத்திவிட்டு எறிந்துவிடும்.

'சில்வர் பிளேஸ்' கதைக்கே திரும்பிப் பார்ப்போம். இறுதியில் குதிரையின் உரிமையாளரான கேர்ணல் ரொஸ் மன்னிப்புக் கேட்கிறார். யாரிடம்? திறமையைச் சந்தேகித்துவிட்டேன் என்று ஹோம்ஸிடம். செய்யாத கொலைக்காகச் சிறையிலிருந்த சிம்சன் வெளியே வரும் காட்சி கதையில் இல்லை. அவனது வேலை முடிந்துவிட்டது.

எழுத்தில் இதனை விட்டுவிட்ட டொய்ல், வாழ்க்கையில் விட்டுவிடவில்லை. பம்பாயில் பிறந்த பார்சி வம்சத்துப் பாதிரியார் ஒருவரின் மகனான ஜோர்ஜ் எடால்ஜி என்ற சட்டத்தரணி, கிரேட் வேர்லி என்ற ஊரில் இரவில் கால்நடைகளை வெட்டிச் சிதைத்ததாக 1903 இல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அந்தக் கிராமத்தில் நிறத்தாலும் பெயராலும் வேறுபட்டிருந்தது அக்குடும்பம். மூன்றாண்டுகளின் பின்னர் விடுதலையான அவரைச் சந்திக்க ஹோட்டலுக்குச் சென்ற டொய்ல், அவர் பத்திரிகையைக் கண்ணுக்கு மிக அருகே, ஒருபுறமாகச் சாய்த்துப் பிடித்துப் படிப்பதைக் கண்டார். இந்தப் பார்வையுடைய ஒருவர் இருளில் வயல்வெளிகளைக் கடந்து விலங்குகளை வெட்டியிருக்க முடியுமா? 1907 இல் டொய்ல் பத்திரிகையில் எழுதிய கட்டுரைகளால் எழுந்த கிளர்ச்சியைத் தொடர்ந்து எடால்ஜிக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது, இழப்பீடு வழங்கப்படவில்லை. அதே ஆண்டில் இங்கிலாந்தில் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அமைக்கப்படுவதற்கு இவ்வழக்கும் ஒரு காரணமாயிற்று. ஜூலியன் பார்ன்ஸ் இதனை 2005 இல் நாவலாக்கினார், ஐ.ரி.வி. 2015 இல் 'ஆர்தர் அன்ட் ஜோர்ஜ்' என்ற பெயரில் மூன்று பகுதிகளாக ஒளிபரப்பியது. தலைப்பிலேயே துப்பறிந்தவரின் பெயருடன் சந்தேகிக்கப்பட்டவரின் பெயரும் சமமாக நிற்பதை நாம் விரும்பிக் கவனித்தோம்.

இதனை வாசிக்கும் மலையகத் தமிழர் பலருக்கு விளக்கம் தேவையில்லை. 1979 இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், பெயரையும் பிறந்த ஊரையும் கொண்டே சந்தேகிக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் தடுத்துவைக்கப்பட்ட இளைஞர்கள் இப்பிரதேசத்திலும் இருந்தார்கள். அவர்களைப் பற்றிய செய்திகளை வெளியிட்டவர்களில் நாமும் அடங்குவோம். "சந்தேகத்தின் பேரில் கைது" என்பது முதற்பக்கத்தில் வரும். "விடுதலை" என்பது, வந்தால், உட்பக்கத்தின் கீழ்மூலையில் நான்கு வரியாக வரும். தொடர் எடுப்பவர்களைக் குறைகூறும்போது எமது மேசையிலிருந்த கத்தரிக்கோலையும் மறைத்துவிட முடியாது.

கலஹா வீட்டில் அந்தத் தொடரின் இறுதி அத்தியாயத்தையும் மூதாட்டியுடன் இருந்தே பார்த்தோம். டொக்டர் ஐயா கைதானார். பங்களாக்காரக் குடும்பம் சிரித்தபடி படம் பிடித்துக்கொண்டது. எழுத்துகள் ஓடத் தொடங்கின. தாம் சொன்னது பலித்துவிட்டதே என்று அவர் மகிழ்வார் என எதிர்பார்த்தோம். அவரோ பெட்டியை அணைக்காமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"அந்த வேலக்காரப் பையன் எங்க தம்பி போனான்? அத்தன அடி அடிச்சானுகளே, ஒருத்தனும் போய் ஒரு வார்த்த கேக்கலையே."